நியமித்தவரும் கம்பனியும்: ஓர் இளம் சட்டத்தரணிக்குக் கடிதம்

திருகோணமலை

அன்புள்ள தம்பிக்கு,

பங்குதாரர் ஒருவர் தமது பிரதிநிதியாகக் கம்பனியொன்றின் பணிப்பாளர் சபையில் அமரும்படி உம்மை அழைத்திருக்கிறார் என்ற செய்தி மகிழ்ச்சி தந்தது. ஆயினும், நியமித்தவருடைய அபிப்பிராயத்தைச் சபையில் நிலைநாட்டுவதே உமது கடமை என்று நீர் எழுதியிருக்கும் வாக்கியத்தை மறுக்காமல் விடுவது உமக்குச் செய்யும் துரோகமாகும்.

நம் துறைமுகத்தையே பாரும். சீனன்குடாவில் பிரித்தானியர் கட்டிய 99 எண்ணெய்க் குதங்களுள், 2022 ஜனவரி உடன்படிக்கையின்படி 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும் 14 லங்கா ஐஓசிக்கும் ஒதுக்கப்பட, எஞ்சிய 61 குதங்கள் ட்ரிங்கோ பெற்றோலியம் டெர்மினல் என்ற கூட்டுக் கம்பனிக்கு உரியனவாயின. அதன் பங்குகளில் நூற்றுக்கு 51 கூட்டுத்தாபனத்தினுடையவை, 49 லங்கா ஐஓசியினுடையவை. பங்குதாரர் இருவருமே எண்ணெய் வர்த்தகர்கள். இத்தகைய கம்பனியொன்றில், பங்குதாரர் ஒருவரே குதத்தை வாடகைக்குக் கேட்கிறார் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அவருக்கு லாபம் வாடகை குறைவதில், கம்பனிக்கு லாபம் அது கூடுவதில் என்றால், அவரால் நியமிக்கப்பட்ட பணிப்பாளர் எப்பக்கம் நிற்பார்?

2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் 187 ஆம் பிரிவில் ஐயமற விடை தருகிறது: கம்பனியின் நலனென்று தாம் நம்புவதையே அவர் நல்லெண்ணத்தோடு செய்தல் வேண்டும். முற்றாகத் தாய்க் கம்பனிக்கே சொந்தமான துணைக் கம்பனியில் மாத்திரம், அதன் விதிமுறைகள் வெளிப்படையாக இடமளித்தால், தாய்க் கம்பனியின் நலனை நாடலாம். 51, 49 எனப் பங்கு பிரிந்த இடத்துக்கு அச்சலுகை கிட்டாது. இது நியாயமானதென்றே நான் கருதுகிறேன். ஏனெனில், கடன் கொடுத்தோருக்கோ தொழிலாளருக்கோ பணிப்பாளர் சபையில் ஆசனம் இல்லை, கம்பனி வாழ்ந்தால்தான் அவர்களும் வாழ்வர். கொடுக்கல் வாங்கலின் மறுதரப்பிலும் நீர் பதவி வகிப்பீராயின், அதனைச் சபைக்கு அறிவித்து நலன்கள் பதிவேட்டில் பதியச் செய்யும்.

ஒருவருடைய அறிவுக்கும் அனுபவத்துக்கும் தக்க திறமையையே பணிப்பாளரிடம் எதிர்பார்க்கலாம் என்று ஆங்கிலேய நீதிபதி ரோமர் வகுத்த அளவுகோலை நமது 189 ஆம் பிரிவிலும் காணலாம். பொறியியலாளர் ஒருவர் ஒப்பந்த வாசகம் புரியவில்லை என்று சொல்லக்கூடும். சட்டம் பயின்ற உமக்கு அது சாத்தியமன்று. நிபுணரின் அறிக்கையை நம்பலாம், ஆனால் சந்தேகத்துக்கு இடமிருந்தும் விசாரியாமல் நம்பியவருக்குச் சட்டம் துணை வாராது.

மௌனம் இன்னும் ஆபத்தானது. தேறிய சொத்துக்கள் கூறப்பட்ட மூலதனத்தின் பாதிக்குக் கீழே இறங்கியது தெரிந்தால், 20 வேலை நாட்களுக்குள் பங்குதாரரின் விசேட பொதுக்கூட்டத்தைக் கூட்டவேண்டும். கடனிறுக்க இயலாத நிலை வந்துவிட்டதென்று நம்பும் பணிப்பாளர் உடனே சபையைக் கூட்டாதிருந்து, கம்பனியும் பின்னர் கலைக்கப்படுமாயின், கடன் கொடுத்தோரின் நட்டத்தை அவர் சொந்தப் பணத்திலிருந்து ஈடுசெய்யும்படி நீதிமன்றம் கட்டளையிடலாம். நியமித்தவர் பேசவேண்டாமென்றார் என்பது அங்கே விடையாகாது.

சம்மதப் படிவத்தில் கையொப்பமிடுமுன், கம்பனியின் விதிமுறைகளையும் பங்குதாரர் தமக்குள் செய்த உடன்படிக்கையையும் கேட்டுப் பெற்று எனக்கு ஒரு பிரதி அனுப்பும். உம்மை அழைத்தவர் அவற்றைத் தரத் தயங்கினால், கையொப்பமிடாதேயும்.

அன்புடன்,
உமது மூத்த சட்டத்தரணி