காலைக் காத்த கணக்கு

நுழையும்முன்
மருத்துவ ஆய்வின் பெருமை, அது வெளிவந்த இதழ்களின் எண்ணிக்கையில் மட்டும் அடங்குவதில்லை. ஆய்வாளரை ஒருநாளும் கண்டிராத நோயாளிக்கும் அவ்வாய்வு பயன்படும்போதே அது நிறைவு பெறுகிறது. கோயம்புத்தூரில் உருவான அத்தகைய ஆய்வு ஒன்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

தீவும் தொலைவும்
கிரேட் நிக்கோபார் தீவின் கிழக்குக் கரையில் அமைந்துள்ள ஊர் கேம்பல் பே. 1969 முதல் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் இத்தீவில் குடியேற்றப்பட்டன. தமிழ்க் குடும்பங்களும் இங்கு வாழ்கின்றன. அந்தமானின் தலைநகரான போர்ட் பிளேர், இவ்வூரிலிருந்து ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அந்நகரம் இன்று ஸ்ரீ விஜயபுரம் என வழங்கப்படுகிறது. கப்பலில் அங்குச் சென்றடைய ஒரு நாளுக்கும் மேலாகும். இத்தகைய ஊரில் ஒருவருக்குக் கால் முறிந்து, எலும்பு தோலைக் கிழித்து வெளிவந்துவிட்டால், கடந்து செல்லும் ஒவ்வொரு மணி நேரமும் மதிப்புடையதாகிறது.

மருத்துவரின் ஐயம்
எலும்பு தோலைக் கிழித்து வெளிவரும் முறிவு, 'திறந்த முறிவு' எனப்படும். கஸ்டிலோ, ஆண்டர்சன் என்னும் இருவர் இம்முறிவுகளை 1976இல் மூவகையாகப் பிரித்தனர். உலகெங்கும் மருத்துவர்கள் அப்பகுப்பைப் பின்பற்றினர். ஆயினும் கடுமையான மூன்றாம் வகைக்குள்ளேயே, எளிதில் ஆறும் காயங்களும் காலையே இழக்கச் செய்யும் காயங்களும் சேர்ந்து அடங்கின. காக்க இயலாத காலைக் காக்க முயன்றால், பல அறுவைகளுக்கும் சீழ்த் தொற்றுக்கும் பின்னர் அக்காலை நீக்கவே நேரிடும். காக்கக்கூடிய காலை அவசரப்பட்டு நீக்கிவிட்டாலோ, உழைத்து வாழ்பவரின் வாழ்வே தளர்ந்துவிடும். இவ்விரு பிழைகளையும் எவ்வாறு தவிர்ப்பது?

கோவையில் பிறந்த விடை
கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எலும்பியல் அறிஞர் எஸ். இராஜசேகரனும் அவருடைய குழுவினரும் இவ்வினாவுக்கு விடை தேடினர். கணைக்கால் எலும்பு முறிந்த 109 நோயாளிகளின் காயங்களை அவர்கள் முறையாக மதிப்பிட்டனர். காலின் முதன்மை இரத்தக்குழாய் அறுபடாத முறிவுகளே ஆராயப்பட்டன. அதன் முடிவு 2006இல் பிரித்தானிய எலும்பு மூட்டு அறுவை இதழில் வெளிவந்தது.

அவர்கள் வகுத்த கணக்கு எளியது. தோல், எலும்பு, தசை ஆகிய மூன்றுக்கும் சேதத்தின் அளவுக்கேற்ப ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் இடப்படும். முதுமை, நீரிழிவு, குருதியழுத்தக் குறைவு, காயத்தில் கழிவுநீர் கலத்தல், 12 மணி நேரத்துக்கு மேற்பட்ட தாமதம் போன்ற இடர்கள் ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண் கூட்டப்படும். மொத்தம் 14 அல்லது அதற்குக் குறைவாயின் காலைக் காக்க முயலலாம். 17 அல்லது அதற்கு மேலாயின் நீக்குதலே நலம். 15, 16 ஆகியவை ஐயத்திற்குரிய எல்லை. அங்கு மருத்துவரின் அனுபவமே வழிகாட்டும்.

எடுத்துக்காட்டாக, மூன்று உறுப்புகளுக்கும் 4 வீதம் பெற்ற ஒருவரின் மொத்தம் 12. அவர் கால் காக்கத்தக்கது. அதே காயத்தில் கழிவுநீர் கலந்து, சுத்திகரிப்பும் 12 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் மொத்தம் 16 ஆகிவிடும். காயம் மாறவில்லை, அழுக்கும் தாமதமுமே அதை ஐயத்தின் எல்லைக்குத் தள்ளின.

ஆய்வின் பயன்
இம்மதிப்பீட்டு முறையை இந்தியாவிலும் அயல்நாடுகளிலும் உள்ள பிற மருத்துவர்கள் தம் நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்தனர். மதிப்பெண் இடுவது மருத்துவரின் பணி. எனினும், அக்கணக்கின் இரண்டு இடர்களைக் குறைப்பது அருகில் நிற்பவர் கையிலும் உள்ளது. காயத்தைத் தூய துணியால் மூடி, வெளிவந்த எலும்பின் மேல் அழுத்தாமல் அதைச் சுற்றி அழுத்த வேண்டும். வெளிவந்த எலும்பை உள்ளே தள்ளுதல் கூடாது. காலை அசையாதபடி பலகை வைத்துக் கட்ட வேண்டும். மண், காப்பித்தூள், பச்சிலை ஆகியவற்றைக் காயத்தில் இடுதல் ஆகாது. அடிபட்ட நேரத்தைக் குறித்துவைத்து மருத்துவரிடம் கூற வேண்டும். கடல் சூழ்ந்த தீவில், கப்பலோ ஹெலிகாப்டரோ வந்து சேரும்வரை ஒரு காலைக் காப்பவை இச்சிறு செயல்களே.

சொல்லும் பொருளும்
இடர் – துன்பம், தடை
ஐயம் – சந்தேகம்
குருதி – இரத்தம்
அயல்நாடு – பிற நாடு

மதிப்பீடு
1. திறந்த முறிவு என்றால் என்ன?
2. ஒருவர் தோலுக்கு 3, எலும்புக்கு 4, தசைக்கு 3 மதிப்பெண் பெற்றார். அவருக்கு நீரிழிவும் உண்டு. மொத்தம் எவ்வளவு? அவர் காலைக் காக்க முயலலாமா?
3. காலை அவசரப்பட்டு நீக்குவதும், காக்க இயலாத காலைக் காக்க முயல்வதும் ஏன் பிழையாகின்றன?

சிந்தனை வினா
தொலைவில் உள்ள தீவில் வாழ்வோருக்கு இவ்வாய்வு எவ்வாறு பயன்படும்? பத்து வரிகளில் எழுதுக.