இரவே தயாராகும் பசியாறல்

“பசியாறிவிட்டீர்களா?”

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழர்கள் காலையில் ஒருவரை ஒருவர் சந்திக்கும்போது கேட்கும் அன்பான கேள்வி இது. காலை உணவைப் ‘பசியாறல்’ என்றே இங்குள்ளோர் பலர் குறிப்பிடுகின்றனர். இரவு முழுவதும் வெறுமையாக இருந்த வயிற்றின் பசி ஆற வேண்டும் என்பதையே இச்சொல் உணர்த்துகிறது. ஆனால், இந்தக் கேள்விக்கு “இல்லை” என்று பதில் கூறும் இடைநிலைப்பள்ளி மாணவர்கள் பலர் இருக்கின்றனர்.

அதற்குக் காரணம் பெரும்பாலும் சோம்பல் அன்று, நேரமின்மையே. பொழுது விடியும் முன்னரே எழ வேண்டும்; குளித்துச் சீருடை அணிய வேண்டும்; புத்தகப்பையைச் சரிபார்க்க வேண்டும்; பள்ளிப் பேருந்து வருவதற்குள் வாசலில் நிற்க வேண்டும். இத்தனைக்கும் இடையில் உணவுக்கென ஒதுக்கப்படும் நேரம் சில நிமிடங்களே. சிலர் பட்டினியோடு புறப்படுகின்றனர். சிலர் இரண்டு பிஸ்கட்டுகளையும் ஒரு குவளை இனிப்புப் பானத்தையும் போதுமென்று எண்ணிக்கொள்கின்றனர். வேறு சிலரின் வீட்டில், பிள்ளை பட்டினியாகப் போகக்கூடாது என்பதற்காக அம்மாவோ பாட்டியோ ஐந்து மணிக்கே அடுப்பைப் பற்ற வைக்கின்றனர். அன்றைய நாள் முழுவதும் அவர்களுக்கும் வேலை காத்திருக்கிறது என்பதைப் பிள்ளைகள் எண்ணிப் பார்ப்பது அரிது.

பட்டினியும் வேண்டாம், பிறர் தூக்கத்தையும் கெடுக்க வேண்டாம் என்றால், காலையில் செய்யும் வேலையை முதல்நாள் இரவுக்கு மாற்றிக்கொள்ளலாம். தேநீரில் ஊறவைத்த ஓட்ஸ் அதற்கு ஏற்ற ஓர் எளிய உணவாகும்.

பழைய வழக்கம், புதிய தானியம்

உணவை இரவே ஊறவைத்துக் காலையில் உண்பது தமிழருக்குப் புதிதன்று. மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் வாழ்ந்த பாட்டாளிகள் இருள் பிரியும் முன்னரே ‘பெரட்டு’ எனப்படும் வருகைப் பதிவுக்குச் செல்ல வேண்டியிருந்தது. குளிர்ந்த விடியற்காலையில்தான் மரத்திலிருந்து பால் நன்றாக வடியும். வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும். அந்த அவசரத்தில் அடுப்பு மூட்டிச் சமைக்க ஏது நேரம்? முதல்நாள் மீந்த சோற்றில் நீரூற்றி வைத்து, காலையில் சிறிது உப்பும் மோரும் சேர்த்து, வெங்காயத்தையோ பச்சை மிளகாயையோ கடித்துக்கொண்டு உண்பது பல குடும்பங்களின் வழக்கம். சிக்கனம், நேர மிச்சம், வயிற்றுக்குக் குளிர்ச்சி ஆகிய மூன்றும் அதில் இருந்தன.

ஐரோப்பாவிலும் இதுபோன்ற ஓர் உணவு உண்டு. சுவிட்சர்லாந்து மருத்துவரான மாக்சிமிலியன் பிர்ச்சர் பென்னர் என்பவர், ஏறத்தாழ 1900-ஆம் ஆண்டில் சூரிக் நகரில் தம்மிடம் சிகிச்சை பெற வந்தவர்களுக்கு ஓர் எளிய உணவை வழங்கினார். நீரில் ஊறிய சிறிதளவு ஓட்ஸுடன் துருவிய ஆப்பிள், எலுமிச்சைச் சாறு, கொட்டைப் பருப்பு, கெட்டிப்பால் ஆகியவற்றைக் கலந்தது அவ்வுணவு. ‘மூஸ்லி’ என்று இன்று உலகெங்கும் அறியப்படும் உணவு அதிலிருந்தே தோன்றியது. இரவு முழுவதும் ஊறும் இன்றைய ஓட்ஸும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

சமைக்காமல் எப்படி மென்மையாகிறது?

அரிசியை இரவெல்லாம் ஊறவைத்தாலும் அது சோறாகிவிடாது. ஓட்ஸ் மட்டும் எவ்வாறு உண்ணும் பதத்திற்கு வருகிறது? கடைகளில் விற்கப்படும் தட்டையான ஓட்ஸ், ஆலையிலேயே நீராவியில் வேகவைக்கப்பட்டு, பிறகு உருளைகளுக்கிடையே அழுத்தித் தட்டையாக்கப்படுகிறது. ஆகவே, வீட்டில் அதற்குத் தேவைப்படுவது நீரும் நேரமும் மட்டுமே. மெல்லிய தகடுபோல் இருப்பதால் நீர் எளிதில் உள்ளே புகுகிறது. ஓட்ஸில் உள்ள ‘பீட்டா குளுக்கான்’ என்னும் கரையும் நார்ச்சத்து நீரில் கலந்து, கலவையைக் கூழ்போல் கெட்டியாக்குகிறது. இந்த நார்ச்சத்து செரிமானத்தை மெதுவாக்குவதால் பசி விரைவில் திரும்புவதில்லை. அதை நாள்தோறும் போதிய அளவில் உண்டால் இரத்தத்தில் உள்ள கொழுப்பைக் குறைக்கவும் அது துணைபுரிகிறது.

எல்லா ஓட்ஸும் இதற்குப் பொருந்தாது. துண்டுதுண்டாக வெட்டப்பட்ட முழு ஓட்ஸ் காலையிலும் கடினமாகவே இருக்கும். உடனடி ஓட்ஸோ குழைந்து களியாகிவிடும். எனவே, தட்டையான சாதாரண ஓட்ஸே ஏற்றது.

ஏன் தேநீர்?

ஓட்ஸுக்கென்று தனிச்சுவை அதிகமில்லை. அதனாலேயே சிலர் அதை ‘நோயாளி உணவு’ என்று ஒதுக்குகின்றனர். தேநீரின் மணமோ இந்நாட்டு மக்களுக்கு மிகவும் பழக்கமானது. மாமாக் கடையில் ஆற்றித் தரும் ‘தே தாரேக்’கை அறியாதவர் எவருமில்லர். கேமரன் மலையில் 1929-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ‘போ’ தேயிலைத் தோட்டத்தின் தேயிலையை இன்றும் மலேசியர்கள் விரும்பி வாங்குகின்றனர். அம்மலைச் சரிவுகளில் தேயிலை பறித்தவர்களுள் தமிழர்களும் இருந்தனர். இஞ்சியும் ஏலக்காயும் சேர்ந்த தேநீரில் ஊறும்போது, வெளியிலிருந்து வந்த தானியமும் நம் வீட்டுச் சுவையைப் பெற்றுவிடுகிறது.

தேவையான பொருள்கள் (ஒருவருக்கு)

தட்டையான ஓட்ஸ் – அரைக் கோப்பை (ஏறத்தாழ 40 கிராம்)
தண்ணீர் – முக்கால் கோப்பை
தேயிலைத் தூள் – 1 தேக்கரண்டி
இஞ்சி – ஒரு சிறு துண்டு
ஏலக்காய் – 2
பால் – கால் கோப்பை
கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் – 2
உப்பு – ஒரு சிட்டிகை
காலையில் சேர்க்க – ஒரு வாழைப்பழம் அல்லது விருப்பமான வேறு பழம்

செய்முறை

1. இஞ்சியையும் ஏலக்காயையும் நசுக்கித் தண்ணீரில் இட்டு, மூன்று நிமிடம் கொதிக்கவிட வேண்டும். தண்ணீர் வற்றி ஏறத்தாழ அரைக் கோப்பையாகும்.

2. அடுப்பை அணைத்த பிறகே தேயிலைத் தூளைச் சேர்த்து மூடி வைக்க வேண்டும். ஐந்து நிமிடம் கழித்து வடிகட்ட வேண்டும். அதற்கு மேல் ஊறினாலோ தூளுடன் கொதித்தாலோ தேநீர் கசக்கும்.

3. வடித்த தேநீரை நன்கு ஆறவிட வேண்டும்.

4. மூடியுள்ள சுத்தமான போத்தலில் ஓட்ஸ், உப்பு, பொடியாக நறுக்கிய பேரீச்சம்பழம் ஆகியவற்றைப் போட்டு, ஆறிய தேநீரையும் பாலையும் ஊற்றிக் கலக்க வேண்டும்.

5. போத்தலை மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும். ஆறு மணி நேரமாவது ஊறுவது நல்லது.

6. காலையில் நன்றாகக் கிளறி, மிகவும் கெட்டியாக இருந்தால் சிறிது பால் சேர்த்து, பழத்துண்டுகளைத் தூவி உண்ணலாம்.

அடுப்படியில் நின்று செய்யும் வேலை பத்து நிமிடத்தைத் தாண்டாது. தேநீர் ஆறும் நேரத்தில் மறுநாள் பாட அட்டவணையைப் பார்த்துப் புத்தகப்பையையும் அடுக்கிவிடலாம்.

கவனிக்க வேண்டியவை

செய்முறையில் உள்ள ஒவ்வொரு விதிக்கும் ஒரு காரணம் உண்டு. இஞ்சியைப் பச்சையாகப் பாலில் சேர்க்காமல் கொதிக்க வைப்பதற்குக் காரணம், பச்சை இஞ்சியில் பாலைத் திரியச் செய்யும் ஒரு நொதி இருப்பதுதான். கொதிக்கும்போது அந்நொதி செயலிழந்துவிடுகிறது. பப்பாளி, அன்னாசி ஆகிய பழங்களிலும் பாலின் புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் உள்ளன. அவற்றை இரவே பாலுடன் கலந்து வைத்தால் காலையில் கசப்பு ஏறியிருக்கும். ஆகவே, அப்பழங்களை உண்ணும் நேரத்தில் சேர்ப்பதே நல்லது.

சுடச்சுட உள்ள தேநீரை ஓட்ஸில் ஊற்றிக் குளிர்பதனப் பெட்டியில் வைப்பதும் சரியன்று. போத்தலின் நடுப்பகுதி குளிர நேரமெடுப்பதோடு, பெட்டியில் உள்ள பிற உணவுகளும் சூடேறும். அதேபோல், பால் கலந்த ஓட்ஸை இரவு முழுவதும் மேசைமேல் விட்டுவைக்கக் கூடாது. நம் நாட்டு வெப்பத்தில் பாலில் கிருமிகள் விரைவாகப் பெருகும். குளிர்பதனப் பெட்டியில் இருந்து எடுத்ததை இரண்டு மணி நேரத்திற்குள் உண்டுவிட வேண்டும். பள்ளிக்கு எடுத்துச் சென்று ஓய்வு நேரத்தில் உண்ண விரும்புவோர், பனிக்கட்டிப் பை வைத்த குளிர்காப்புப் பையைப் பயன்படுத்த வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு போத்தல்கள் தயாரித்து வைத்தால் அடுத்த இரு காலைகளுக்கும் பயன்படும். அதற்கு மேல் வைத்திருப்பது உகந்ததன்று.

இனிப்பிலும் கவனம் தேவை. தே தாரேக்கின் சுவையை அப்படியே பெற வேண்டுமென்று இனிப்பூட்டிய கெட்டிப்பாலைத் தாராளமாக ஊற்றினால், அதன் ஒரு மேசைக்கரண்டியிலேயே இரண்டு தேக்கரண்டிக்கும் மேற்பட்ட சீனி சேர்ந்துவிடும். சீனி கலந்தே வரும் உடனடித் தேநீர்ப் பொட்டலங்களும் அத்தகையவையே. ஒரு நாளில் சேர்க்கும் சீனியை 25 கிராமுக்குள், அதாவது ஏறத்தாழ ஆறு தேக்கரண்டிக்குள் வைத்துக்கொள்வது கூடுதல் நன்மை தரும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015-ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டியில் கூறியுள்ளது. பேரீச்சம்பழமும் பழுத்த வாழைப்பழமும் தரும் இனிப்பே இவ்வுணவுக்குப் போதும்.

தேநீர் எல்லாருக்கும் எல்லா வேளைக்கும் ஏற்றது என்றும் சொல்லிவிட முடியாது. தேநீரில் உள்ள சில பொருள்கள், ஓட்ஸ் போன்ற தாவர உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் உறிஞ்சுவதைக் குறைக்கின்றன. இரத்தசோகை உள்ளவர்கள் தேயிலையை விட்டுவிட்டு, இஞ்சியும் ஏலக்காயும் மட்டும் கொதித்த நீரில் ஓட்ஸை ஊறவைக்கலாம். கொய்யா, ஆரஞ்சு, பப்பாளி போன்ற பழங்களைச் சேர்ப்பது இன்னும் நல்லது. அவற்றிலுள்ள வைட்டமின் சி, இரும்புச்சத்தை உறிஞ்ச உடலுக்கு உதவுகிறது. இந்த ஓட்ஸில் ஒரு கோப்பைத் தேநீரில் உள்ள அளவு காஃபின் இருக்கும் என்பதால், இதை உண்டவர்கள் காலையில் தனியாகத் தேநீர் அருந்தத் தேவையில்லை. பால் ஒவ்வாதவர்கள் சோயாப் பாலைப் பயன்படுத்தலாம். கொட்டைப் பருப்பு சேர்க்க விரும்புவோர், வீட்டில் எவருக்கேனும் ஒவ்வாமை உண்டா என்பதை முதலில் கேட்டறிய வேண்டும்.

தன் உணவைத் தானே

இந்த உணவைச் செய்யப் பெரிய சமையல் திறன் வேண்டியதில்லை. நீரைக் கொதிக்க வைக்கவும் அளந்து ஊற்றவும் தெரிந்தால் போதும். பதின்ம வயதினர் எவரும் ஓரிரு முறையிலேயே பழகிக்கொள்ளலாம். இதில் ஆண்பிள்ளை, பெண்பிள்ளை என்ற வேறுபாட்டுக்கும் இடமில்லை. பசி இருவருக்கும் பொதுவென்றால் அடுப்படியும் இருவருக்கும் பொதுதான்.

தினமும் இதையே உண்ண வேண்டும் என்பதும் இல்லை. இட்டிலி, தோசை, நாசி லெமாக் என நம் காலை மேசையில் சுவைக்குப் பஞ்சமில்லை. ஆறஅமர உண்ண நேரமுள்ள நாளில் அவற்றை வீட்டாரோடு அமர்ந்து உண்ணும் மகிழ்ச்சியே தனி. நேரமில்லாத நாளில் பட்டினி கிடக்காமல் இருப்பதற்கே இந்தப் போத்தல்.

தோட்டப்புற வீடுகளில் அன்று பானைச் சோற்றில் நீரூற்றி வைத்தவர்கள், நாளைய பசியை இன்றே நினைத்தனர். பெரும்பாலும் அந்த வேலை வீட்டுப் பெண்களின் தலையில்தான் விழுந்தது. இன்று அதே முன்னேற்பாட்டை ஒரு மாணவர் தமக்காகச் செய்துகொள்ள முடியும். ஒன்று செய்பவர் இரண்டாகவும் செய்து, ஒன்றை அதிகாலையில் வேலைக்குப் புறப்படும் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ எடுத்து வைக்கலாம். அப்போது “பசியாறிவிட்டீர்களா?” என்னும் கேள்வியைப் பிள்ளைகளும் பெற்றோரைப் பார்த்துக் கேட்க முடியும்.