டேங்க் அப்புறம், முதலில் பிரேக்

அன்புள்ள மருமகனே,

நீ அனுப்பிய படம் வந்தது. உன் தாத்தா ஷிஃப்டுக்குப் போன கருப்பு சைக்கிள், பாரில் பித்தளை டேங்க், முன்னால் உருண்டை லைட். எல்லாம் அழகு. சைக்கிளில் எஞ்சின் பூட்டப் போகிறேன் என்றாயே, அது எங்கேடா? சம்பளம் வந்ததும் முதல் செலவே டேங்குக்கா?

பழைய காலத்து வண்டி மாதிரி வேண்டும் என்கிறாய். அந்தக் காலத்தையே பார். 1946-ல் ஜப்பானின் ஹமாமட்சுவில், ராணுவ வயர்லெஸ் கருவிக்கு மின்சாரம் கொடுத்த குட்டி எஞ்சின்களைச் சைக்கிளில் பூட்டினார் சோய்ச்சிரோ ஹோண்டா. அவருடைய முதல் டேங்க் ஒரு வெந்நீர்ப் புட்டி. உருளையால் முன் டயரைத் தேய்த்து ஓட்டப் பார்த்தார், டயர் தாங்கவில்லை. பிறகு பெல்ட் போட்டுப் பின்சக்கரத்துக்கு மாற்றினார். நம் என்ஃபீல்டு கம்பெனிகூட 1980களில் மோஃபா என்று 22 சிசி வண்டி விட்டது. அழகு பிறகு வந்தது. சின்ன எஞ்சின் முதலில் வந்தது.

"80 சிசி கிட் மலிவாகக் கிடைக்குது மாமா" என்பாய். வாங்காதே. 80 என்று விற்பது பெரும்பாலும் 66தான். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(28) பிரிவு, நாலு சக்கரத்துக்குக் குறைந்த வண்டியில் எஞ்சின் 25 சிசிக்கு மிகாமல் இருந்தால் மட்டும் அதை மோட்டார் வாகனமாகக் கணக்கில் எடுக்காது. அதைத் தாண்டினால் பதிவு வேண்டும். வீட்டில் கட்டிய வண்டியை எந்த ஆர்டிஓவும் பதிந்து தரமாட்டார். நாளைக்கு யார் மேலாவது இடித்தால் இன்சூரன்ஸும் கிடையாது.

புல் வெட்டும் மெஷினில் வரும் 25 சிசி, நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் போதும். மேடு ஏறுமா என்று கேட்காதே, பெடல் எதற்கு இருக்கிறது? ஆனால் கணக்கைப் போட்டுக்கொள். அந்த எஞ்சின் நிமிடத்துக்கு 7,000 சுற்று சுற்றும். 28 அங்குலச் சக்கரம் மணிக்கு 25 கிலோமீட்டர் ஓட 190 சுற்றுக்கும் குறைவே போதும். 37-க்கு 1 என்று குறைக்க வேண்டும், ஒரே செயினில் முடியாது. இரண்டு கட்டமாகக் குறை.

கிட்டோடு வரும் பல்சக்கரமும் நம் சைக்கிளுக்கு உட்காராது. அதன் 9 போல்ட்டும் 36 கம்பிச் சக்கரத்தின் இடைவெளிக்குச் செய்தவை. நம் பழைய சைக்கிளின் பின்சக்கரத்தில் 40 கம்பி. நெருக்கித் திணித்தால் கம்பி ஒவ்வொன்றாக அறும். ஃபிரேமிலும் துளை போடாதே, கிளாம்ப் போட்டுப் பிடி.

பிரேக்குக்கு வருகிறேன். உன் வண்டியில் இருப்பது ராடு பிரேக். மழையில் இரும்பு ரிம் வழுக்கும். டிரம் பிரேக் ஹப் வாங்கி அதே ரிம்மில் கம்பி கோர்க்கச் சொல், துளை எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்று பார்த்து வாங்கு. தாத்தா வேலை பார்த்த கோலார் தங்கச் சுரங்கத்தை 2001-ல் மூடிவிட்டார்கள், ஆனால் அதன் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த ஃபிட்டர், டர்னர் தாத்தாக்கள் சாம்பியன் ரீப்ஸ் லைன் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். சுரங்கக் கூண்டை ஏற்றி இறக்கும் வைண்டிங் எஞ்சின் ஓட்டியவர் யாராவது கிடைத்தால் அவரிடம் பிரேக் பற்றிக் கேள். மூவாயிரம் மீட்டர் ஆழத்துக்கு ஆட்களை இறக்கிய சுரங்கம் அது. உனக்குப் பொறுமையாகச் சொல்லித் தருவார்கள். வெட்கப்படாமல் போ.

எஞ்சின் பூட்டுமுன் அதன் எடைக்கு மணல் மூட்டை கட்டி, சரிவில் இறங்கிப் பிரேக் பிடித்துப் பார். காய்ந்த ரோட்டில் ஒருமுறை, நனைந்த ரிம்மில் ஒருமுறை. எத்தனை அடியில் நின்றது என்று இரண்டையும் எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா