கல்லை அறுக்கும் தண்ணீர்



"எறும்பு ஊரக் கல்லும் தேயும்" என்று பெரியவங்க சொல்வாங்க. எறும்புக்கே கல் தேயும் என்றால் மழையும் காற்றும் வெயிலும் சும்மா விடுமா?

எங்க சமூக அறிவியல் பாடத்தில் வானிலைச் சிதைவு, அரித்தல் என்று ரெண்டு சொல் வருது. ரெண்டும் ஒண்ணுதான் என்று நினைக்காதீங்க. பாறை இருந்த இடத்திலேயே விரிசல் விட்டு உதிர்வது வானிலைச் சிதைவு. உதிர்ந்ததைத் தண்ணீரோ காற்றோ தூக்கிக்கொண்டு போவது அரித்தல். முதலாவது இளக்கும், ரெண்டாவது அள்ளும். இந்த ரெண்டு வேலையும் சேர்ந்தால்தான் பள்ளத்தாக்கு உண்டாகும்.

இதற்குச் சீக்கிரம் இடம் கொடுப்பது மணற்பாறை. ரவா லட்டை நினைச்சுக்கோங்க. ரவையை நெய்யும் சீனியும் பிடித்து வைப்பது போல, மணலைச் சுண்ணாம்பு, இரும்புத்துரு, சிலிக்கா போன்றவை ஒட்டி வைத்திருக்கும். அந்தப் பசை போனால் பாறை மறுபடியும் மணல்தான். மழைநீரில் காற்றின் கார்பன் டை ஆக்சைடு கரைந்து லேசான அமிலமாகும். அது சுண்ணாம்பைக் கரைக்கும். கடலோரத்தில் உப்புநீர் பாறையின் துளைக்குள் போய்க் காயும். அப்போது உப்புக்கட்டி வளர்ந்து மணலை வெளியே தள்ளும்.

நம்ம பக்கத்திலேயே இதற்குச் சாட்சி இருக்கு. திருச்செந்தூரில் வள்ளி குகையைப் பார்த்திருப்பீங்க. அது மணற்பாறையில் குடைந்தது. பழைய கோயிலும் மணற்பாறையால் கட்டியதுதான். கடற்காற்றில் அது சிதைந்து போனதால் கருங்கல்லால் திருப்பணி செய்து, 1941-ல் குடமுழுக்கு நடத்தினார்கள்.

இனி பாலைவனத்துக்குப் போவோம். அமெரிக்காவில் கிராண்ட் கேன்யன் என்ற பள்ளத்தாக்கு இருக்கு. நீளம் 446 கிலோமீட்டர். ஆழம் சில இடங்களில் 1.6 கிலோமீட்டருக்கும் மேல். சுமார் 50, 60 லட்சம் ஆண்டுகளாகக் கொலராடோ ஆறு இதை அறுத்து வந்திருக்கு.

மழை குறைவான ஊரில் இவ்வளவு தண்ணீர் ஏது? தூரத்து ராக்கி மலைகளில் பனி உருகி வருது. நம்ம ஊர் காய்ந்து கிடக்கும்போதே மேற்கே மலையில் மழை பெய்து ஓடை ஓடுமே, அது மாதிரி. ஆறு அடியை அறுத்துக்கொண்டே போகுது. கரையில் மழை குறைவு என்பதால் சுவர் அதிகம் கரையாமல் செங்குத்தாக நிற்குது. மணற்பாறை, சுண்ணாம்புப் பாறை போன்ற கடினமான அடுக்குகள் சுவராக நிற்கும். களிப்பாறை அடுக்கு சீக்கிரம் உதிர்ந்து சரிவாகும். அதனால்தான் அது படிக்கட்டு போலத் தெரியுது.

இந்தியாவில் ஆந்திராவின் கடப்பா மாவட்டத்தில் கண்டிக்கோட்டா இருக்கு. அங்கே பெண்ணாறு அறுத்தது, மணற்பாறை இறுகி உண்டான குவார்ட்சைட் பாறையை.

ஒரு விஷயம் கவனிங்க. தெளிந்த தண்ணீர் மட்டும் கல்லை அதிகம் அறுக்காது. அது உருட்டி வரும் மணலும் கூழாங்கல்லும்தான் உளி. தண்ணீர் சுத்தியல் மாதிரி. குற்றாலம் பேரருவியில் பொங்குமாங்கடல் என்ற பள்ளத்தில் தண்ணீர் விழுந்து பொங்குவதைப் பாருங்க. அது கருங்கல் மலை, மணற்பாறை இல்லை. அதையே தண்ணீர் குடைஞ்சிருக்கு.

பெரிய வேலை நடப்பது தினசரி ஓடும் தண்ணீரில் இல்லை, எப்போதாவது வரும் வெள்ளத்தில். அமெரிக்காவில் அன்டிலோப் கேன்யன் என்ற இடுக்கு மணற்பாறையில் அப்படித்தான் உண்டானது. 1997 ஆகஸ்ட் 12 அன்று பல கிலோமீட்டர் தள்ளிப் பெய்த மழையால் அங்கே திடீர் வெள்ளம் வந்து 11 பேர் இறந்தாங்க.

இது எங்கேயோ நடந்தது என்று விட்டுவிட முடியாது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார். நம்மை விட மூன்று வயதுதான் கூட.

அதனால் சீசனுக்குப் போகும் எல்லோருக்கும் சொல்றேன். நம்ம தலைக்கு மேலே வெயில் அடிக்குதா என்று பார்க்காதீங்க, மலை மேலே மேகம் கறுத்திருக்கா என்று பாருங்க. தண்ணீர் கலங்கி, இலையும் குச்சியும் மிதந்து வந்தால், இரைச்சல் கூடினால், துணியைக்கூட எடுக்காமல் கரை ஏறிடுங்க. வீட்டில் தம்பி தங்கச்சிக்கும் சொல்லிக் கொடுங்க. கல்லை அறுக்கிற தண்ணீருக்கு நாம எம்மாத்திரம்!