உயிர்வேலிக்குக் கிளுவை போதுமா?

கேள்வி: வீட்டுத் தோட்டத்துக்குக் கம்பி வேலி வேண்டாம், நம் ஊர் மரத்திலேயே வேலி வைக்க முடியுமா?

பதில்: தாராளமாக. காங்கயம், தாராபுரம் பக்கம் கொறங்காடு எனும் மேய்ச்சல் நிலங்களைச் சுற்றி நிற்பது பெரும்பாலும் முள்கிளுவைதான். மாடு உள்ளே மேயும். வேலி வெளியே காவல் காக்கும்.

விதை வேண்டியதில்லை, போத்து போதும். கட்டைவிரல் பருமனுள்ள முற்றிய கிளையை மூன்று, நான்கடி நீளத்துக்கு வெட்டி, அடிமுனையைச் சாய்வாகச் சீவி, முக்காலடி ஆழத்தில் ஊன்ற வேண்டும். அடிக்கு ஒரு போத்து என்றால் வேலி நெருக்கமாக வரும். மழைக்குச் சற்று முன் நடுவது நல்லது. தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். அதிகமாக ஊற்றிக் கெடுப்பவர்கள்தான் அதிகம்.

கோடையில் இலை முழுக்கக் கொட்டிவிடும். பட்டுப்போனதென்று அவசரப்பட்டுப் பிடுங்க வேண்டாம். நகத்தால் பட்டையைக் கீறினால் உள்ளே பச்சை தெரிகிறதா? உயிர் இருக்கிறது.

வேர் பிடித்தபின் ஆண்டுக்கொரு முறை தலையை வெட்டிவிட்டால் பக்கக் கிளைகள் அடர்ந்துவரும். அவற்றை ஒன்றோடொன்று பின்னிவிடலாம். கழித்த தழையை ஆடு விரும்பித் தின்னும். இளம் போத்துக்கும் அதே ஆட்டால்தான் ஆபத்து!

குழந்தைகள் விளையாடும் பக்கம் முள் வேண்டாமென்றால் நொச்சி. அதுவும் போத்திலேயே வளரும், ஆடு தொடாது. இலவசமாகக் கிடைக்கிறதே என்று சீமைக்கருவேலத்தை மட்டும் உள்ளே விட்டுவிடக் கூடாது.