தேர்தல் பணியாளருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு

நம் தீவுகளில் தேர்தல் பணி என்றாலே கப்பலும் படகும்தான் நினைவுக்கு வரும். 2024 ஏப்ரல் 19 அன்று நடந்த மக்களவைத் தேர்தலுக்கும் பணியாளர்கள் வாக்குப்பதிவு இயந்திரங்களுடன் தீவு தீவாகச் சென்றனர். கடல் சீறினால் என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியும். மனிதர் சீறினால்? தேர்தல் பணிக்குச் செல்லும் நம் ஆசிரியர்களும் அலுவலக ஊழியர்களும் இதை அறிந்திருப்பது நல்லது.

இது வீண் கேள்வி அன்று. 2025 அக்டோபரில் தேர்தல் ஆணையம் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தை 12 மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலும் அறிவித்தது. அந்தமானும், தமிழ்நாடும், மேற்கு வங்காளமும் அவற்றுள் அடங்கும். வீடு வீடாகச் சென்ற வாக்குச்சாவடி நிலை அலுவலர்கள் வங்காளத்தில் மிரட்டப்படுவதாகப் புகார் எழுந்தது. அவ்வாண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதைக் கடுமையாக எடுத்துக்கொண்டது; பணிக்கு இடையூறு நேர்ந்தால் தன் கவனத்திற்குக் கொண்டுவருமாறு ஆணையத்திடம் கூறியது.

இனி, சட்டம் சொல்வதைப் பார்ப்போம்.

முதலாவது, நீங்கள் யாருடைய ஊழியர் என்பது. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 28ஏ பிரிவின்படி, தேர்தல் அறிவிக்கை நாள் முதல் முடிவு அறிவிக்கப்படும் நாள் வரை நீங்கள் தேர்தல் ஆணையத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறீர்கள். பட்டியல் திருத்தப் பணியில் இருப்போருக்கு 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13சிசி பிரிவு இதையே சொல்கிறது. ஆகவே உள்ளூர்ப் பெரிய மனிதர் எவரும் அப்பணியில் உங்களுக்குக் கட்டளையிட முடியாது.

இரண்டாவது, வாக்குச்சாவடித் தலைமை அலுவலரின் அதிகாரம். சாவடியில் அல்லது அதன் அருகில் கூச்சலிட்டுக் குழப்பம் செய்பவரைக் கைது செய்யும்படி அவர் போலீசாருக்கு உத்தரவிடலாம் (பிரிவு 131). உள்ளே முறைதவறி நடப்பவரை வெளியேற்றலாம் (பிரிவு 132). ஆனால் அவர் அச்சாவடி வாக்காளரானால், வாக்களிக்கும் வாய்ப்பைப் பறிக்கக் கூடாது. கலவரமோ வெளிப்படையான வன்முறையோ மூண்டால் வாக்குப்பதிவையே ஒத்திவைக்கலாம் (பிரிவு 57). சாவடியைக் கைப்பற்ற வந்தால், கண்ட்ரோல் யூனிட்டை உடனே மூடிவிட வேண்டும் என்பது விதி. சாவடியைக் கைப்பற்றுவோருக்கு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. அரசு ஊழியரே அதைச் செய்தால் மூன்று முதல் ஐந்தாண்டு வரை (பிரிவு 135ஏ).

மூன்றாவது, பொதுக் குற்றவியல் சட்டம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின்படி, தேர்தல் நடத்துவோரும் பட்டியல் தயாரிப்போரும் பொது ஊழியர்களே. கடமையைச் செய்யவிடாமல் பொது ஊழியரைத் தாக்கினாலும் (பிரிவு 132), தீங்கு செய்வதாக மிரட்டினாலும் (பிரிவு 224) இரண்டாண்டு வரை சிறை உண்டு. காயம் விளைவித்தால் ஐந்தாண்டு வரை (பிரிவு 121).

இங்கே பலர் அறியாத ஒன்று உண்டு. ஆணையத்தின் கட்டுப்பாடு முடிவு வெளியான அன்றே தீர்ந்துவிடும். மிரட்டுபவரோ பக்கத்துத் தெருவிலேயே இருப்பார். ஆயினும் தாக்குதல், காயம் பற்றிய பிரிவுகள், பணியின்போது செய்த செயலுக்காகப் பின்னர் பழிவாங்குவதையும் குற்றமாகவே கொள்கின்றன. தேர்தல் முடிந்து ஒரு மாதம் கழித்து அடித்தாலும் அது பொது ஊழியரைத் தாக்கிய குற்றமே.

ஆனால் எழுத்தில் இல்லாததை நிரூபிப்பது கடினம். ஆகையால் மிரட்டியவர் யார், எந்த நேரம், என்ன சொன்னார், யார் உடனிருந்தார் என்பதைத் தலைமை அலுவலரின் நாட்குறிப்பில் அப்போதே எழுதச் செய்யுங்கள். அன்றே தேர்தல் நடத்தும் அலுவலருக்கும் காவல் நிலையத்திற்கும் எழுத்தில் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்துடன் நகலை வாங்கி வையுங்கள். "போகட்டும், நாளைக்கு இதே ஊரில்தானே இருக்க வேண்டும்" என்று விட்டுவிடுவதே மிரட்டுபவருக்குப் பெரிய பலம்.