கேள்விக்குறியோடு கோப்பை மூடாதீர்கள்

கண்டி தேசிய வைத்தியசாலையானாலும் சரி, கம்பளை, நாவலப்பிட்டியானாலும் சரி, நோயாளி வீட்டுக்குப் போன பிறகுதான் அவரது பி.எச்.டி. (பெட் ஹெட் டிக்கெட்) பதிவேட்டு அறைக்கு வருகிறது. அங்கே நோய்க்குக் குறியீடு போடுபவர் ஆளைப் பார்த்ததில்லை, எழுத்தைத்தான் பார்க்கிறார். ‘பிரெஸ்ட் அப்செஸ், ஐ அன்ட் டி’ (மார்பில் சீழ்க்கட்டி, கீறிச் சீழ் வெளியேற்றல்) என்று ஒற்றை வரி இருக்கும். இதை மட்டும் வைத்துச் சரியான குறியீடு போட முடியாது.

முதலில் தேட வேண்டியது, அந்தப் பெண் கர்ப்பிணியா, பால் கொடுக்கிறாரா என்பது. ஆம் என்றால், நோய்களின் சர்வதேச வகைப்பாடான ஐ.சி.டி.-10இல் ஓ91. சீழ்க்கட்டி ஓ91.1, சீழில்லாத அழற்சி ஓ91.2, காம்பில் தொற்று ஓ91.0. பிரசவமாகி 42 நாள் கழிந்தால் இது பொருந்தாது என்று பலர் நினைக்கிறார்கள். தவறு. பாலூட்டும் காலமும் இதில் அடக்கம். எட்டு மாதப் பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய்க்கும் ஓ91தான். பால் கட்டி மார்பு கல்லாகிப் போனது மட்டும் என்றால் தொற்றில்லை, ஓ92.2.

கர்ப்பமும் இல்லை, பாலூட்டலும் இல்லையென்றால் என்61. கட்டியோ வெறும் அழற்சியோ, இங்கே ஒரே குறியீடுதான். இணையத்தில் தேடினால் என்61.1, என்61.2 என்றெல்லாம் வரும். அவை அமெரிக்கப் பதிப்பின் பிரிவுகள். உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-10இல் கிடையாது.

உண்மையான சிக்கல், புற்றுநோய் அல்லாத ஒரு மார்பு அழற்சியான கிரனுலோமட்டஸ் மாஸ்டைட்டிஸில். கடைசிப் பிள்ளைக்கு நாலு வயது, மார்பில் கல் போல ஒரு கட்டி, அன்டிபயோட்டிக் கேட்கவில்லை. விடுதியில் ‘? சிஏ பிரெஸ்ட்’ (மார்புப் புற்றுநோயோ?) என்று எழுதி பயொப்சி எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அறிக்கை பின்னர் கிளினிக்குக்குப் போகிறது, பி.எச்.டி.யில் கேள்விக்குறி அப்படியே நிற்கிறது. வேறு விவரம் இல்லாவிட்டால் சந்தேக நோயை உறுதியான நோயாகவே குறிக்க வேண்டும் என்பது ஐ.சி.டி. விதி. ஆக, புற்றுநோயே இல்லாத பெண் சி50.9 ஆகி, நோயாளர் புள்ளிவிவரத்தில் புற்றுநோயாளியாக ஏறிவிடுகிறார். வைத்தியர்களே, உங்கள் எழுத்தழகைப் பற்றி நான் பேசவில்லை; அந்தக் கேள்விக்குறிக்கு ஒரு முடிவு எழுதுங்கள். பதிவேட்டு அறையிலிருப்பவர்களும் உள்நோயாளர் நோய், இறப்பு மின்னணுப் பதிவேடான இ-ஐ.எம்.எம்.ஆரில் ஏற்றுமுன் பயொப்சி முடிவைக் கேட்டு வாங்குங்கள். கிரனுலோமட்டஸ் என்று வந்தால் என்61. காசநோய் என்றால் ஏ18.8. புற்றுநோய் இல்லை, வேறெதுவும் அகப்படவுமில்லை என்றால் இசட்03.1.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. ‘இன்ஃப்ளமேட்டரி’ என்ற சொல்லைக் கண்டதும் என்61 போட்டுவிடுவார்கள். தோல் சிவந்து தோடம்பழத் தோல் போலாகும் இன்ஃப்ளமேட்டரி பிரெஸ்ட் கேன்சர் புற்றுநோயேதான். அது சி50இல் சேர வேண்டும்.

பச்சைப் பிள்ளைகளுக்கு இவை எதுவும் ஆகாது. ஆணோ பெண்ணோ, பிறந்த சில நாளில் மார்பு வீங்குவது பி83.4 (P83.4), தானாகவே வற்றும். பாட்டிமார் பிதுக்கிவிட்டுத் தொற்றாகி, பேராதனை சிறுவர் வைத்தியசாலைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால் பி39.0 (P39.0). பிதுக்காதீர்கள் என்பதையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

கல்ச்சரில் ஸ்டெஃபிலோகொக்கஸ் ஓரியஸ் வந்திருந்தால் பி95.6ஐயும் (B95.6), நீரிழிவு இருந்தால் அதன் குறியீட்டையும் கூடவே சேருங்கள். காப்புறுதிக்காக ஓ91ஐ என்61 ஆக்கித் தரச் சொல்லி யாராவது வந்தால், டயக்னோசிஸ் கார்டில் உள்ளதைத்தான் போட முடியும் என்று சொல்லி அனுப்புங்கள்.